ஓர் எஞ்சின், பல பெயர்கள்

பெயர்ச்சொற்களை நம் இலக்கண ஆசிரியர்கள் இரு வகையாகப் பகுத்தனர். காரணம் பற்றி அமைந்தது காரணப் பெயர். காரணம் கருதாது வழங்கி வருவது இடுகுறிப் பெயர். மோட்டார் வண்டிகளுக்கு உற்பத்தியாளர் சூட்டும் பெயர்களை இடுகுறியோடு சேர்ப்பதே பொருந்தும். ஸ்விஃப்ட், லீனியா, விஸ்டா, செயில், ரியோ என்ற பெயர்களைக் கேட்ட அளவில், அவை ஐந்து வேறு நிறுவனங்களின் ஐந்து வேறு வண்டிகள் என்றே நாம் கொள்வோம். வண்டிகள் வேறுதாம், ஐயமில்லை. ஆனால் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால், இவற்றின் டீசல் வகைகளில் அமர்ந்திருக்கும் எஞ்சின் ஒன்றே. ஓர் எஞ்சின் எவ்வாறு பல வீட்டுப் பிள்ளையாயிற்று என்பதும், அந்த வரலாற்றை அறிவதால் இன்று நமக்கு என்ன பயன் என்பதுமே இப்பேச்சின் பொருள்.

இக்கேள்வியின் அருமை பெருநகரங்களில் தோன்றாது. திக்லிபூர் போன்ற ஊரில்தான் தோன்றும். வட அந்தமானில், 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்துக்கும் கல்போங் ஆற்றுக்கும் அருகே அமைந்த ஊர் அது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் காடு திருத்திக் குடியேறிய பகுதி. தமிழரும் பிற மொழியினரும் பின்னர் அங்கே வாழ்வு தேடிச் சென்றனர். சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்குக் கடல் வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். பயணிகள் கப்பல் சென்று சேர மூன்று நாள் ஆகும். போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கிருந்து திக்லிபூருக்கு அந்தமான் நெடுஞ்சாலை வழியே 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே செல்ல வேண்டும். இடையில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காடு இருக்கிறது. அதனூடே குறித்த நேரங்களில் மட்டுமே வண்டிகள் வரிசையாகக் காவலுடன் செல்ல இசைவு உண்டு. கடற்கால்களை நெடுங்காலம் வண்டிகள் படகேறியே கடந்தன. நடு அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் செங்கப்பா பாலம் 2002-இல்தான் திறக்கப்பட்டது.

இத்தகைய ஊரில் டீசல் கார் ஒன்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது ஃபியட் லீனியா. அதன் விற்பனையாளர் அங்கில்லை. ஃபியட் கார்களின் விற்பனையும் இந்தியாவில் நின்றுவிட்டது. உரியவர் தவறான பாகத்தைத் தருவித்துவிட்டால், அதைத் திருப்பி அனுப்பிச் சரியானதைப் பெறுவதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். ஆனால் அதே தெருவில் ஓடும் ஸ்விஃப்ட் டீசலின் எஞ்சினும் தம்முடைய எஞ்சினும் ஒரே குடும்பம் என்று அவர் அறிந்திருந்தால், வழி பிறந்துவிடுகிறது. ஆகவே வரலாற்று அறிவு இங்கே ஏட்டுச் சுரைக்காய் அன்று.

ஒரே எஞ்சினைப் பலர் பங்கிட்டுக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுவடிவமே. அதில் நெடுங்காலம் இருந்த 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின், இங்கிலாந்தில் மாரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. எனப் பல பெயருள்ள வண்டிகளிலும் ஓடிய குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னர், ஃபிரெஞ்சு நாட்டுப் பெழோ நிறுவனத்தின் 1,527 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் இங்கே மூன்று இடங்களில் தோன்றியது. 1990-களில் பிரீமியர் நிறுவனம் கூட்டுச் சேர்ந்து செய்த பெழோ 309 காரில் அது இருந்தது. மாருதியின் ஜென், எஸ்டீம் டீசல் வகைகளிலும் அதுவே இருந்தது. 2009-இல் வந்த பிரீமியர் ரியோவிலும் முதலில் அதுவே அமர்ந்தது. எஞ்சினை வடிவமைக்கப் பெரும் பொருளும் பல ஆண்டு உழைப்பும் வேண்டும். அதைத் தனித்துச் சுமப்பதைவிட விலைக்கோ உரிமத்துக்கோ பெறுவது இலாபம் என்று சிறிய உற்பத்தியாளர் கருதினர்.

இனி நம் கதைக்குரிய எஞ்சினுக்கு வருவோம். அதன் முன்னோர் வரலாறு நீண்டது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலார் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினைச் செவ்வனே இயக்கிக் காட்டினார். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டலாம் என்ற கருத்துக்கு 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்றார், அதுவே டர்போ. இவ்விரண்டும் ஒன்றாகிப் பயணிகள் காரில் விற்பனைக்கு வந்தது 1978-இல், மெர்சிடிஸ் நிறுவனத்தாரின் வண்டியில். எஞ்சியிருந்த குறை ஒன்று: டீசலின் இரைச்சலும் அதிர்வும். அனைத்து இன்ஜெக்டர்களுக்கும் பொதுவாக ஒரு குழாயில் எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில் தேக்கி வைத்து, வேண்டும் நொடியில் வேண்டும் அளவு மின்னணு ஆணையால் தெளிக்கும் முறை இக்குறையைப் போக்கியது. இம்முறையைக் கார்களுக்கு ஏற்றதாக வளர்த்ததில் ஃபியட் ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உற்பத்திக்குரிய வடிவாக அதை முடித்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 என்ற கார் இம்முறையோடு வெளிவந்தது. ‘காமன் ரயில்’ என்று நம் மெக்கானிக்குகள் வழங்கும் சொல் அந்தப் பொதுக் குழாயைக் குறிப்பதேயன்றி, ரயில் வண்டியோடு அதற்கு உறவில்லை.

அடுத்த படியாக, ஒரே சுழற்சியில் ஒரு முறைக்குப் பதில் பல முறை எண்ணெயைச் சிறு சிறு அளவாகத் தெளிக்கும் உத்தி வந்தது. எரிதல் படிப்படியாக நிகழ்வதால் ஓசை தணிந்தது, புகையும் குறைந்தது. ‘மல்டிஜெட்’ என்று ஃபியட் இதற்குப் பெயரிட்டது. 2000-இல் ஃபியட்டும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டணி அமைத்து, எஞ்சின் தொழிலைப் பொதுவில் நடத்தின. அக்கூட்டில் பிறந்த சிறிய டீசல் எஞ்சின் 2003-இல் வெளிவந்தது. அது போலந்து நாட்டின் பியெல்ஸ்கோ-பியாவா நகரில் உற்பத்தியாயிற்று. நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, 1,248 கன சென்டிமீட்டர். 2005-இல் தன் பிரிவில் உலகின் சிறந்த எஞ்சின் என்ற பரிசையும் பெற்றது. அதே 2005-இல் கூட்டணி முறிந்தது. ஃபியட்டை முழுதும் வாங்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட ஜெனரல் மோட்டார்ஸ் 155 கோடி யூரோ கொடுத்து விலகியது. கூட்டு கலைந்தது, ஆனால் எஞ்சின் இரு தரப்பிலும் தொடர்ந்தது. பாகப்பிரிவினையில் பொதுக் கிணற்றை இரு வீட்டாரும் வைத்துக்கொள்வது போன்றதே அது.

எஞ்சின் பல வீடு புகுந்ததால் பெயர்களும் பெருகின. ஃபியட்டில் மல்டிஜெட், ஓப்பலில் சி.டி.டி.ஐ.; சுசுகியில் டி.டி.ஐ.எஸ்.; டாட்டாவில் குவாட்ராஜெட்; இந்தியச் செவர்லேயில் ஸ்மார்டெக். பெயர் இத்தனை, பொருள் ஒன்று.

இந்தியாவில் அதற்குக் கிடைத்த வரவேற்பு வேறெங்கும் கிடைக்கவில்லை எனலாம். காரணங்கள் மூன்று. முதலாவது, அக்காலத்தில் டீசல் விலையை அரசு தாங்கி நின்றது. பெட்ரோலுக்கும் அதற்கும் விலை வேற்றுமை பெரிதாக இருந்தது. இரண்டாவது, 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 கன சென்டிமீட்டருக்குள் டீசல் எஞ்சினும் உள்ள சிறு கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. 1,248 அந்த வரம்புக்குள் எளிதில் அடங்கியது. மூன்றாவது, எஞ்சினை இங்கேயே உற்பத்தி செய்தார்கள். சுசுகி உரிமம் பெற்று ஹரியானாவின் மானேசரில் ஆலை அமைத்தது. 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசல் வந்தது. புனேக்கு அருகே ரஞ்சன்காவில் ஃபியட்டும் டாட்டாவும் கூட்டாக ஆலை நடத்தின. 2008-இல் இண்டிகா விஸ்டாவும், 2009-இல் லீனியாவும் புன்டோவும் இந்த எஞ்சினோடு தெருவுக்கு வந்தன.

அதன்பின் ரிட்ஸ், டிசையர், எஸ்.எக்ஸ்.4, எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா, மான்சா, செஸ்ட், போல்ட், செயில் என்று பட்டியல் நீண்டது. பிரீமியர் ரியோவும் பெழோ எஞ்சினுக்குத் துணையாக இதையும் ஏற்றது. மானேசர் ஆலையின் உற்பத்தி போதாமல், 2012 ஜனவரியில் மாருதி நிறுவனம் ஆண்டுக்கு ஒரு லட்சம் எஞ்சின் வரை ஃபியட்டிடமிருந்தே வாங்க உடன்பாடு செய்துகொண்டது. போட்டி நிறுவனத்தின் காருக்குத் தன் ஆலையிலிருந்து எஞ்சின் அனுப்பும் காட்சியை அன்று நாம் கண்டோம். ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்று மோட்டார் எழுத்தாளர் இதை அழைத்ததில் மிகை அதிகமில்லை.

ஏற்றம் போலவே இறக்கமும் விரைந்து வந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முழுதும் நீங்கியது. செவர்லே கார்களின் விற்பனை 2017 இறுதியோடு இங்கே முடிந்தது. ஃபியட் லீனியாவும் புன்டோவும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் நிலை ஆறு என்ற கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தபோது, இச்சிறு எஞ்சினை அதற்கேற்ப மாற்றும் செலவு கட்டாது என்று உற்பத்தியாளர் கைவிட்டனர். ஆனால் விற்ற வண்டிகள் மறையவில்லை. அவை நாடெங்கும் இன்னும் ஓடுகின்றன. மாருதி வண்டி வைத்திருப்போருக்குக் கவலை குறைவு. ஃபியட், செவர்லே, பிரீமியர் வைத்திருப்போர் நிலையோ, தாய் வீடு மூடப்பட்ட பெண்ணின் நிலை. அவர்களுக்குச் சுற்றத்தை அறிவதே துணை.

சுற்றத்தை அறிவது எப்படி? ஆர்.சி. புத்தகமே முதற் சான்று. அதில் எரிபொருள் டீசல் என்றும், கன அளவு 1248 என்றும் இருந்தால், மேற்சொன்ன கார்களைப் பொறுத்த மட்டில் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. அந்த இடத்தில் 1461 என்று கண்டால் அது ரெனோ நிறுவனத்தின் எஞ்சின். மகிந்திரா லோகன், நிசான் சன்னி, ரெனோ டஸ்டர் ஆகியவற்றில் பொதுவாக உள்ளது. சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் ரெனோவும் நிசானும் தோளோடு தோள் நின்று கார் செய்தமையால் அந்த உறவு தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. 1527 என்று கண்டால் அது முன் சொன்ன பெழோ. 936 என்று கண்டால் அது செவர்லே பீட். நம் எஞ்சினின் தம்பி. 1,248-ஐ நான்கால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 936 வரும். ஒரு சிலிண்டரைக் குறைத்துச் செய்தது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 82 மில்லிமீட்டர்.

இரண்டாவது சான்று, எஞ்சின் உடலில் பொறித்த வகைக் குறி. மாருதியில் அது டி13ஏ. ஐரோப்பியப் புன்டோவில் 75 குதிரைத் திறன் உள்ளது 199ஏ2.000; 90 உள்ளது 199ஏ3.000. ஓப்பலில் இசட்13டிடி என்று தொடங்கும் குறிகள். வெளிநாட்டுப் பட்டியலில் பாகம் தேடுவோர்க்கு இக்குறிகளே திறவுகோல்.

மூன்றாவது, திறன். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டாவின் தொடக்க வகைகள் ஆகியவற்றில் 75 குதிரைத் திறன். டர்போவின் இதழ்கள் அசையாதவை. எஸ்.எக்ஸ்.4, எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா, மான்சா, லீனியா ஆகியவற்றில் 90 அல்லது அதை ஒட்டிய திறன். டர்போவுக்குள் இதழ்கள் வேகத்துக்கேற்பத் திரும்பும். ஒன்றுக்கு மற்றொன்றை மாட்ட முடியாது. நான்காவது, ஆண்டு. பாரத் நிலை மூன்றிலிருந்து நான்குக்கு மாறியபோது புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் மாறின. அம்மாற்றம் 2010-இல் பெருநகரங்களிலும் 2017-இல் நாடு முழுவதிலும் வந்தது. 2015-க்குப் பின் வந்த சில சியாஸ், எர்டிகா வண்டிகளில் ஆல்டர்னேட்டரே எஞ்சினைத் தொடக்கி உதவும் புதுவகை. பழையது அதற்குச் சேராது.

ஆகவே ஒரே குடும்பம் என்பதால் எல்லாம் எல்லார்க்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, டைமிங் செயின் முதலிய உள்ளுறுப்புகள் பெரும்பாலும் பொதுச் சொத்து. எஞ்சினைச் சட்டத்தில் தாங்கும் மவுண்டு, காற்றுக் குழாய், நீர்க் குழாய், கிளச், மின் கம்பித் தொகுதி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை அந்தந்த வண்டிக்கு உரியவை. இன்ஜெக்டர் நடுநிலையில் நிற்பது: உருவம் ஒத்தாலும் எண் ஒக்க வேண்டும், தலையில் பொறித்த குறியீட்டைக் கருவி கொண்டு கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிந்தால்தான் சீராக இயங்கும் வகைகளும் உண்டு. உள்ளே இரத்தம் ஒன்று. வெளியே ஆடை வேறு என்று நினைவிற் கொண்டால் பிழை நேராது.

பாகம் தேடும்போது காரின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பாகத்தின் மேல் உள்ள எண்ணைச் சொல்லிக் கேட்பதே மேல். கார் உற்பத்தியாளர் எல்லா உறுப்பையும் தாமே செய்வதில்லை. டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பாஷ் போன்ற நிறுவனத்திடமிருந்து வருபவை. 1951-இல் பெங்களூரில் மைக்கோ என்ற பெயரில் தொடங்கி, 2008-இல் பாஷ் என்றே பெயர் மாறிய நிறுவனம் நம் நாட்டு டீசல் தொழிலின் முதுகெலும்பு. உறுப்பின் உடலில் அந்நிறுவனம் பொறித்த எண் இருக்கும். கார் நிறுவனம் தன் பெட்டியில் வேறு எண் ஒட்டி விற்றாலும் உள்ளிருக்கும் பொருளின் மூல எண் மாறாது. டர்போவுக்கும் அவ்வாறே தனித் தகடும் எண்ணும் உண்டு.

இவ்விடத்தில்தான் தமிழகத்துக்கு வெளியே வாழும் நேயர்களின் பங்கு புலனாகிறது. சென்னையின் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதுப் பாகமும், புதுப்பேட்டையில் பழைய பாகமும் தேடலாம். டில்லியில் இருப்போர்க்குக் கஷ்மீரி கேட், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை. ரஞ்சன்காவுக்கு அண்மையிலுள்ள புனேயிலும், மானேசருக்கு அண்மையிலுள்ள குருகிராமத்திலும் நம்மவர் பலர் வேலை பார்க்கின்றனர். திக்லிபூரிலோ மாயாபந்தரிலோ உள்ள அண்ணனோ மைத்துனரோ ஒரு பாகம் வேண்டினால், ‘லீனியாவுக்கு ஒரு இன்ஜெக்டர்’ என்று கடையில் கேட்பவர் வெறுங்கையோடு திரும்பக்கூடும். மூல எண்ணைக் காட்டி, ‘இந்த எண் எந்த வண்டிக்கு வந்ததாயினும் சரி’ என்று கேட்பவர்க்கு வழி திறக்கும்.

அனுப்பக் கேட்பவர் ஐந்து செய்திகளைத் தருதல் நலம்: ஆர்.சி.யில் உள்ள கன அளவு, எஞ்சின் எண், வண்டி உற்பத்தியான மாதமும் ஆண்டும், குதிரைத் திறன், கழற்றிய பழைய பாகத்தின் எண் தெளிவாகத் தெரியும் புகைப்படம். வாங்கி அனுப்புபவர், கப்பலேறும் முன் புதியதின் எண்ணைப் படமெடுத்து அனுப்பி ஒப்பு நோக்கச் செய்ய வேண்டும். கடைக்காரரிடம் ஒரு நிமிடம் நின்று ஒப்பிடுவது, கடல் தாண்டிப் போன பின் திருப்பி அனுப்புவதிலும் எளிது. பழைய டர்போவையும் பழைய இன்ஜெக்டரையும் சோதனைச் சாலையில் பரிசோதிக்காமல் வாங்குதல் தகாது. இந்த எஞ்சினின் டைமிங் செயின் எண்ணெயை நம்பி வாழ்வது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றிவந்தால் பெரும் பாகங்களைத் தேடும் தேவையே குறையும் என்பதையும் உறவினர்க்கு உடன் எழுதலாம்.

திக்லிபூரில் டீசல் அறிந்த கைகளுக்குப் பஞ்சமிராது. கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இருப்பினும், அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் இயந்திரங்களிலிருந்தே வந்திருக்கிறது. மீன்பிடி படகுகளும் டீசலையே நம்பியவை. அங்கே திறமை உண்டு. கடை தொலைவில் உள்ளது. அத்தொலைவைக் குறைப்பது சரியான எண்ணும், அதை அறிந்து தேடித் தரும் உறவுமே.

உற்பத்தி நின்றதால் ஒரு பொருளின் ஆயுள் முடிந்துவிடுவதில்லை. அதைப் பற்றிய அறிவு எங்கே நின்றுவிடுகிறதோ அங்கேதான் முடிகிறது. ஸ்விஃப்ட் வாங்கியவரும் லீனியா வாங்கியவரும் விற்பனைக் காலத்தில் தத்தம் வண்டியே உயர்ந்தது என்று வாதிட்டிருக்கலாம். இன்று ஒருவர் வண்டியின் பாகம் மற்றவர் வண்டியை ஓடச் செய்கிறது. ஆதலின், நேயர்கள் தம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, கன அளவையும் எஞ்சின் எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. தீவில் வாழும் உறவினரையும் அவ்வாறே எழுதி அனுப்பச் சொல்வாராக. வண்டி ஓடும்போது எழுதி வைப்பதே எளிது. நின்ற பின் தேடுவது அரிது.